மாப்பிள்ளையும் நம்ம பிள்ளையும்

சோதனைக்கூடத்தில் வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு மாப்பிள்ளை என்று பெயர். யார் வைத்த பெயர் என்று யாருக்கும் ஞாபகமில்லை. பச்சைத் துணி ஒட்டிய மரப்பெட்டிக்குள், மெழுகுத்தாள் சுற்றி, தன் உடம்புக்கென்றே வெட்டிய பள்ளத்தில் அது படுத்திருக்கும். அதே வரைபடத்தை உரிமம் வாங்கி நம் தொழிற்சாலையில் செய்த கைத்துப்பாக்கிகள் சாம்பல் நிற அட்டைப்பெட்டியில் இருபது இருபதாக வரும். அவற்றுக்கு நம்ம பிள்ளை என்று பெயர்.

"மாப்பிள்ளை எழுந்தாச்சா?" என்று காலையில் யாராவது கேட்பார்கள்.

"இன்னும் மெத்தையிலதான் இருக்காரு. நம்ம பிள்ளைங்க பாவம், வந்து வரிசையில நிக்குது."

ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அங்கே வேலை. ஒவ்வொரு புதுத் தொகுதியும் வரும்போது அதில் சிலதை எடுத்து மாப்பிள்ளையின் பக்கத்தில் வைத்து, எடை போட்டு, சுட்டு, ஆளுயரத்திலிருந்து கீழே போட்டு, இரண்டும் ஒன்றுதானா என்று எழுத வேண்டும். பார்த்தால் ஒன்றில்லை. மாப்பிள்ளையின் கறுப்பில் ஆழமான ஒரு நீலம் உண்டு, மழைக்கு முந்தைய வானம் போல. நம்ம பிள்ளையின் கறுப்பு அடுப்புக்கரி. மாப்பிள்ளையின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தால் விலையுயர்ந்த அலமாரியின் இழுப்பறை போல ஓசையில்லாமல் வரும். நம்ம பிள்ளை பள்ளிக்கூடத்து இரும்புக்கதவு. எடையிலும் நம்ம பிள்ளை பதினோரு கிராம் அதிகம். ஆனால் சுட்டால் இரண்டும் ஒரே இடத்தில்தான் துளை போடும்.

அக்கா அங்கே பதினோரு வருடமாக ஃபிட்டர். அவளைவிட மூத்தவர்கள் கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருவரைத் தவிர. நெற்றியில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டிருக்கும் லென்ஸ் அண்ணன் மட்டும் அவளைத் தங்கச்சி என்பார். இருவரும் ஒரே மேஜையின் இரண்டு பக்கம்.

அந்த மேஜையில் ஒரு வழக்கம் இருந்தது. துப்பாக்கியின் மேல்பாகத்துக்குள் பயறு அளவுக்கு ஒரு சின்ன உருளை உண்டு. விசையை விரல் இழுக்காதவரை அது தோட்டாவைக் குத்தும் ஊசியின் வழியில் குறுக்கே நிற்கும், இழுத்தால் மேலே ஏறி வழிவிடும். துப்பாக்கி கை தவறி விழுந்தாலும் ஊசி முன்னே பாய்ந்து தோட்டாவைத் தொடாது. மாப்பிள்ளையில் அந்த உருளை உட்காரும் துளை வழுவழுவென்று இருக்கும். நம்ம பிள்ளையில் துளையின் விளிம்பில் ஒரு பிசிறு இருக்கும். முடி அளவு இரும்புப் பிசிறு. கண்ணுக்குத் தெரியாது, மோதிர விரலின் நுனிக்குத் தெரியும். அதில் உருளை எப்போதாவது சிக்கி மேலேயே நின்றுவிடும். அப்படி நின்றுவிட்டால், பின்பக்கமாக ஒரு அடி பட்டால் போதும்.

அதனால் பெட்டியைப் பிரித்தவுடன் முதல் வேலை விரலை விட்டுத் தடவிப் பார்த்து, எண்ணெய் தடவிய கல்லால் அந்தப் பிசிறை எடுப்பது. ஒரு துப்பாக்கிக்குப் பத்து நிமிடம். பிறகுதான் சோதனை. அறிக்கையில் 'குறைகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுவார்கள். எழுதும்போது இருக்காதே.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அக்கா கேட்டிருக்கிறாள். "அண்ணே, இத எழுத வேண்டாமா?"

"குழந்தைய போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி மூக்கத் துடைச்சு விடுவோமா இல்லையா?" என்றார் லென்ஸ் அண்ணன். "துடைச்சோம்னு போட்டோவுக்குக் கீழ எழுதியா வைப்போம்?"

மேஜையே சிரித்தது. அவளும் சிரித்தாள். பதினோரு வருடமும் நம்ம பிள்ளை மாப்பிள்ளைக்குச் சமமாகத் தேறியது. சோதனைக்கு மட்டுமில்லை, தொகுதியில் மீதமிருந்ததையும் அவர்கள் துடைத்துத்தான் அனுப்பினார்கள்.

போன வருடம் ஒரு அவசரம். அறுபது துப்பாக்கிகள் சோதனைக்கூடத்துக்கு வராமலே, மேலிடத்து உத்தரவில், தொழிற்சாலையிலிருந்து நேராகக் காவல் நிலையங்களுக்குப் போயின. இத்தனை வருடமாகக் குறையே இல்லாத துப்பாக்கிக்கு எதற்குச் சோதனை என்று யாரோ கோப்பைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். அறுபதில் ஒன்று அக்காவின் தம்பி இடுப்பில் ஏறியது.

தம்பி காவலர். ஒரு மதியம் ஓய்வறையில் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஆணி ஆடிக்கொண்டிருந்தது. பெல்ட் நழுவியது, உறையிலிருந்து துப்பாக்கி வெளியே சரிந்து பின்பக்கம் கீழாகத் தரையில் மோதியது. எதிர் பெஞ்சில் ஜீப் ஓட்டுநர் ஷூவின் கயிறு கட்டக் குனிந்திருந்தார். குண்டு மேல்நோக்கிப் போய் அவர் கழுத்தில் ஏறியது. அறையில் வேறு யாரும் இல்லை. இரண்டு நாள் முன்பு விடுமுறையை மாற்றிக்கொள்வதில் இரண்டு பேருக்கும் சண்டை. எல்லோர் முன்னாலும் தம்பி, "உன்ன ஒரு நாள் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தான். உலகத்தில் தினமும் யாராவது யாரிடமாவது சொல்லும் வார்த்தைதான். கொலை வழக்குப் போட்டார்கள்.

செய்தி வந்தபோது அக்காவுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. அவன் சுடவில்லை. பிசிறு சுட்டது.

அடுத்து அவள் செய்ததைப் பின்னால் அவள் பலமுறை நினைத்துப் பார்த்தாள். மேலாளரிடம் ஓடினாள். "சார், மீதி அம்பத்தொம்பதும் ஒவ்வொருத்தர் இடுப்புல இருக்கு. உடனே திருப்பி வாங்குங்க." அவர் வாய்மொழியாகவே உத்தரவு போட்டு நான்கு நாளில் அத்தனையும் வரவழைத்தார். மேஜையே சேர்ந்து பிசிறு எடுத்தது. முப்பத்தொன்றை அக்கா தனியாகச் செய்தாள். அழுதுகொண்டே செய்தாள். ஆனால் நன்றாகச் செய்தாள். இன்னொருவர் வீட்டில் இன்னொரு பிணம் விழக்கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது தோன்றவில்லை.

வக்கீல் கேட்டபோதுதான் தோன்றியது.

"இந்தப் பிசிறு பத்தி எழுத்துல ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல சார்."

"பிசிறோட இருக்கற துப்பாக்கி ஏதாவது?"

அவள் யோசித்தாள். "போலீஸ் எடுத்து சீல் வச்சிருக்கே சார், அது ஒண்ணுதான்."

"அது போதும்." வக்கீல் பேனாவை மூடினார். "அதையும் வெளிநாட்டுத் துப்பாக்கியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கீழ போட்டுப் பாக்கச் சொல்லி மனு போடறேன். ஒரே வரைபடம், ஒரே அளவு. அது வெடிக்காம இது வெடிச்சா உன் தம்பி அன்னிக்கே வீட்டுக்கு வந்துடுவான்."

நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அந்தச் சோதனையைச் செய்ய அந்த ஊரில் ஒரே இடம்தான் உண்டு. மேலாளர் அக்காவைக் கூப்பிட்டார்.

"நீங்க சொந்த அக்கா. ரெண்டு வாரம் லீவு போட்டுடுங்க. இந்தக் கேஸப் பத்தி மேஜையில யார்கிட்டயும் பேசமாட்டேன்னு ஒரு கையெழுத்தும் வேணும்."

அவள் சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டாள். தான் தொடாமல் இருப்பதுதான் நல்லது. தன் விரல் படாத ஒன்றே ஒன்று. லென்ஸ் அண்ணன் தெருமுனையில் எதிரே வந்தபோது கூட, சொன்ன சொல்லைக் காப்பாற்ற, தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டாள். அவன் வந்தால் எதைப் போட்டுக்கொண்டு வெளியே வருவான் என்று வெள்ளைச் சட்டையையும் நீலச் சட்டையையும் மாற்றி மாற்றி எடுத்து வைத்தாள்.

அறிக்கையை வக்கீலின் அறையில்தான் பார்த்தாள். அவர் படித்துக் காட்டவில்லை, அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஆறு கோணம், கோணத்துக்கு ஐந்து முறை, முப்பது முறை இரண்டையும் கீழே போட்டிருக்கிறார்கள். இரண்டும் வெடிக்கவில்லை. 'உள்நாட்டுத் தயாரிப்பு வெளிநாட்டுத் தயாரிப்புக்கு எல்லா வகையிலும் இணையானது. குறைகள்: இல்லை.'

அந்த வாக்கியத்தை அவளே நூறு முறையாவது எழுதியிருக்கிறாள். ஒரு புள்ளி கூட மாறவில்லை.

"அம்மா," என்றார் வக்கீல், "நீங்க சொன்னத நம்பித்தான் நான் மனு போட்டேன்."

அவள் நேராக லென்ஸ் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் சமையலறைத் தரையில் பக்கத்து வீட்டுத் தையல் மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வா தங்கச்சி. வருவேன்னு தெரியும். உக்காரு, அந்த ஊசியப் பாத்து."

"அண்ணே, தம்பி துப்பாக்கிய யார் பிரிச்சது?"

"வேற யார் கைய வைக்க விடுவேன்? நான்தான்."

"சீல் உடைக்கும்போது கோர்ட்டு ஆள் இருந்தாரா?"

"இருந்தாரே. எழுத்தர் ஒருத்தர். சோதனைக்கு முன்னாடி சுத்தம் பண்ணணும்னு விதி இருக்குன்னு காட்டினேன். சரின்னு நாற்காலியில சாஞ்சு பேப்பர் படிச்சாரு."

"பிசிறு இருந்துச்சா?"

"இருந்துச்சாவா?" அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "ரம்பம் மாதிரி இருந்துச்சு. இத்தன வருஷத்துல அப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல. ஒரு மணி நேரம் உக்காந்து எடுத்தேன். உருளை கண்ணாடியில வழுக்கற மாதிரி வழுக்குது இப்ப. மாப்பிள்ளை தோத்தான் போ. உள்ள லேசா துரு கூட இருந்துச்சு, அதையும் எடுத்துட்டேன். அப்படியே விட்டிருந்தா, பையன் துப்பாக்கிய ஒழுங்கா வச்சுக்கலன்னு ஒரு வரி எழுதியிருப்பாங்க. இருக்கற கேஸ்ல அது வேற எதுக்கு? நம்ம வீட்டுப் பிள்ளை துப்பாக்கியாச்சே. நீ வேற பேசாம போற, மனசு கஷ்டமா இருந்துச்சு. நம்மால ஆனது இதுதானேன்னு..."

அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அவர் நெற்றிக் கண்ணாடியை மெல்லக் கழற்றினார். அது இல்லாமல் அவளுக்கு அவர் யாரோ போல இருந்தார்.

"தங்கச்சி, நான் என்ன பண்ணிட்டேன்?"

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க அண்ணே," என்றாள். அவளும் முப்பத்தொன்றை அப்படித்தான் செய்திருந்தாள்.

லென்ஸ் அண்ணன் கோழையில்லை. நீதிமன்றக் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார். அரசுத் தரப்பு வக்கீல் ஒரு கட்டு அறிக்கைகளை அவர் முன்னால் வைத்தார். பதினோரு வருடத்து அறிக்கைகள். பாதிக்கு மேல் அக்காவின் கையெழுத்து.

"எல்லாத்துலயும் குறை இல்லன்னு இருக்கு. இதெல்லாம் பொய்யா?"

"பொய் இல்லைங்க. நாங்க எழுதும்போது குறை இல்லைங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பிசிறு எடுத்ததா எங்கயாவது எழுதியிருக்கீங்களா?"

"எழுதற வழக்கம் இல்லைங்க."

"எடுத்த பிசிறு எங்க?"

"ஐயா, அது தூசி மாதிரிங்க. ஊதினா போயிடும்."

"அப்போ, கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு, எழுத்துல இல்லாத ஒண்ணு, ஊதினா போன ஒண்ணு. அதச் சொல்றவர் குற்றவாளியோட அக்காகூட பதினோரு வருஷமா ஒரே மேஜையில உக்காந்தவர்."

மறுநாளே லென்ஸ் அண்ணனைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். சீல் வைத்த சாட்சிப் பொருளில் கை வைத்தாராம்.

ஆனால் நீதிபதி கெட்டவரில்லை. ஒரு மாதம் தந்தார். இந்த மாதிரித் துப்பாக்கியில் ஒன்றே ஒன்று, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, இந்தக் குறையோடு கொண்டு வாருங்கள், மறுபடி சோதிக்கச் சொல்கிறேன் என்றார். வக்கீல் காவல் நிலையம் காவல் நிலையமாகக் கடிதம் எழுதினார். பயனில்லை என்று அக்காவுக்கு முன்பே தெரியும். நாட்டில் இருக்கும் அத்தனை நம்ம பிள்ளைகளும் அவள் மேஜையைக் கடந்து போனவை. வருவதற்கு ஒரே ஒரு புதுத் தொகுதிதான் பாக்கி.

அது மூன்றாவது வாரம் வந்தது. இருபது. மேலாளர் தானே வந்து நின்றார். "பாருங்கக்கா. கெடச்சா தொடாதீங்க. அப்படியே வைங்க. நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன்." அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

முதல் துப்பாக்கியைப் பிரித்து விரலை விட்டாள். வழுவழுப்பாக இருந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி தடவினாள். இரண்டாவது. மூன்றாவது. எட்டாவதில் நிறுத்தி, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மேஜையில் இருந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபதாவதையும் கீழே வைத்தபோது மேலாளர் மெதுவாகச் சொன்னார்.

"கேஸுக்கப்புறம் தொழிற்சாலையில மெஷின மாத்திட்டாங்களாம். வெளிநாட்டுலேர்ந்தே வாங்கிட்டாங்களாம்."

"மாப்பிள்ளை வீட்டு மெஷினா?" என்று பழக்கத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள். கேட்டவரே தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லோரும் சாப்பிடப் போனபோது அக்கா போகவில்லை. கூர்முனைக் கருவி ஒன்றை எடுத்து, இருபதாவது துப்பாக்கியின் துளை விளிம்பில் வைத்து ஒரே ஒரு அழுத்து அழுத்தினாள். இரும்பு லேசாகப் புரண்டு எழுந்தது. லென்ஸ் அண்ணன் விட்டுப்போயிருந்த கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். புதுக்காயம் போலப் பளபளத்தது. தொழிற்சாலைப் பிசிறு துளையின் சுற்றோடு சாய்ந்து மங்கலாக இருக்கும். இது செங்குத்தாக நின்று, ஒரு ஃபிட்டரின் கை செய்தது என்று ஊருக்கே சொன்னது. கண்ணாடி பிடிக்கத் தெரிந்த எவனும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பான். கண்டுபிடித்தால் தம்பியின் கதையில் மீதமிருக்கும் கொஞ்ச நஞ்சமும் பொய்யாகிவிடும். அவள் அதை எடுத்தாள். பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் அறிக்கை எழுதினாள். 'வெளிநாட்டுத் தயாரிப்புக்கு எல்லா வகையிலும் இணையானது.' அது உண்மையாக இருந்தது அன்றுதான் முதல் முறை.

பதினான்கு வருடம் என்று தீர்ப்பு வந்தது.

சிறையில் சந்திக்கும் அறையில் நடுவே கம்பி வலை, இரண்டு பக்கமும் மர நாற்காலிகள். தம்பி இளைத்திருந்தான். முதலில் லென்ஸ் அண்ணனைப் பற்றிக் கேட்டான்.

"தையல் மெஷின் ரிப்பேர் பண்றாரு. இங்க வந்து உன்னப் பாக்கத் தயங்கறாரு."

"வரச் சொல்லு. அவர்மேல எனக்கு ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் வலையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுடா."

"ஒருவேளை நானே அழுத்தியிருப்பேனோ?"

அவள் அவனைப் பார்த்தாள்.

"பெல்ட்டு நழுவும்போது புடிக்கக் கைய நீட்டினேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. விரல் எங்க பட்டுச்சுன்னு ஞாபகம் இல்ல. முப்பது தடவ போட்டுப் பாத்தாங்கல்ல, ஒரு தடவ கூட வெடிக்கல. எனக்கு மட்டும் மொத தடவையே எப்படிக்கா வெடிக்கும்?"

"டேய், அது அண்ணன் சரி பண்ணதுக்கப்புறம்டா. கோர்ட்டுல சொன்னாரே, நீ கேட்டியே."

"கேட்டேன். ஆனா அவர் நம்மள விட்டுக்குடுக்காம பேசறாருன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ராத்திரி பகலா அதையே யோசிச்சா எனக்கும் அப்படித்தான் தோணுது." குரலைத் தாழ்த்தினான். "அவன்மேல எனக்குக் கோவம் இருந்துச்சுக்கா. அது நெசந்தானே."

"கோவம் யாருக்குத்தான் இல்ல? இங்க பாரு." அவள் வலைக்குக் கீழே இருந்த பலகையில் விரலால் வரைந்தாள். "இது துளை. இதுக்குள்ள உருளை. விசைய இழுத்தாதான் இது மேல போகணும். ஆனா இந்த விளிம்புல பிசிறு..."

அவன் குனிந்து பார்த்தான். பலகையில் எதுவும் இல்லை. மருத்துவர் சொல்வதைக் கேட்கும் நோயாளி போலத் தலையாட்டினான்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான், அவளுக்காக.

மணி அடித்தது. அவன் எழுந்து நாற்காலியை ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றான்.

அக்கா இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். உருளை அதுல சிக்கி நிக்கும்டா, அப்ப ஊசிக்கு முன்னால தடுக்க ஒண்ணும் இருக்காது, பின்பக்கமா விழுந்தா போதும், விரலே பட வேண்டாம் என்று. வலைக்கு அந்தப் பக்கம் வேறொரு கைதி வந்து உட்கார்ந்து, தன் ஆளைத் தேடி அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தான்.

"அடுத்தவங்க நிக்கறாங்கம்மா," என்றார் சிறைக் காவலர்.